ஜவுளிக் கடைக்காரர் மகன் கண்ட ஆனந்தம்

கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் கிறிஸ்தவர்கள் வீடுகளில் குடில் வைப்பார்கள். வைக்கோலைப் பரப்பி, குழந்தை ஏசுவைப் படுக்க வைப்பார்கள். பக்கத்தில் மாடும் கழுதையும் நிற்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்த வழக்கம் உலகம் எங்கும் பரவக் காரணமாக இருந்தவர் ஒரு துறவி. அவருக்குச் சொந்த வீடு இல்லை. இரண்டாவது அங்கி இல்லை. கடைசிக் காலத்தில் கண் பார்வையும் இல்லை. ஆனால், அவரைப்போல சந்தோஷமாக வாழ்ந்தவர்கள் அபூர்வம்.

அவர்தான் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ்.

செல்லப் பிள்ளை

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில், சுபாசியோ என்ற மலைச் சரிவில் அசிசி நகரம் இருக்கிறது. அங்கே பியட்ரோ பெர்னார்டோன் என்ற ஜவுளி வியாபாரி இருந்தார். பெரும் பணக்காரர். பிரான்சு நாட்டுக்குப் போய், உயர்ந்த ரகத் துணிகளை வாங்கி வந்து விற்பார். அவருடைய மனைவி பெயர் பிக்கா.

1181-ம் ஆண்டு வாக்கில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்போது பியட்ரோ ஊரில் இல்லை, பிரான்சில் இருந்தார். தாய், குழந்தைக்கு ஜியோவானி என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தாள். ஊர் திரும்பிய தகப்பனார் அதை மாற்றி, பிரான்சிஸ் என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோவிலில் பையன் எழுத்துப் படித்தான். வளர்ந்ததும் தகப்பனாருடன் கடையில் உட்கார்ந்தான்.

வியாபாரத்தில் அவன் கெட்டிக்காரன். செலவு செய்வதில் அதைவிடக் கெட்டிக்காரன்! அசிசியில் உள்ள வாலிபர்களுக்கு எல்லாம் அவன்தான் தலைவன். தினம் விருந்து, இரவில் தெருத் தெருவாகப் பாட்டு. பணம் தண்ணீராக ஓடியது. மகன் பிரபுவைப்போல வாழ்கிறான் என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆனால் தடுக்கவில்லை. பெருமையும் கொஞ்சம் இருந்தது.

சிறைவாசம்

1202-ம் ஆண்டில் அசிசிக்கும் பக்கத்து நகரமான பெருஜியாவுக்கும் சண்டை மூண்டது. பிரான்சிஸ் குதிரை ஏறிப் போருக்குப் போனார். அசிசிப் படை தோற்றது. பிரான்சிஸ் சிறைப்பட்டார்.

சுமார் ஓர் ஆண்டு சிறை. கூட இருந்தவர்கள் எல்லாம் அழுது வடிந்தார்கள். பிரான்சிஸ் மட்டும் சிரித்துப் பேசிக் கொண்டிருந்தார். பைத்தியமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். ஒரு சிடுமூஞ்சி வீரனோடு யாரும் பேசாமல் இருந்தபோது, அவனையும் மற்றவர்களையும் சேர்த்து வைத்தவர் அவரே.

விடுதலையாகி ஊருக்கு வந்ததும் கடும் நோயில் விழுந்தார். வெகுநாள் படுக்கை. எழுந்து நடக்க முடிந்ததும், கோலை ஊன்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார். வயல், திராட்சைத் தோட்டம், மலை எல்லாம் பழையபடியே அழகாக இருந்தன. ஆனால் அவருக்கு மட்டும் எதைப் பார்த்தாலும் சந்தோஷம் வரவில்லை. சிறையிலும் சிரித்தவருக்கு, சொந்த ஊரில் சிரிப்பு வரவில்லை.

இதுவே அவருடைய வாழ்க்கையின் திருப்பம். அவர் தேடத் தொடங்கியது பதவியையோ, பணத்தையோ அல்ல. தொலைந்துபோன அந்தச் சந்தோஷத்தைத்தான்.

முதலில் தவறான இடத்தில் தேடினார். வீரப் பட்டம் பெற்றால் மனம் நிறையும் என்று எண்ணினார். 1205-ம் ஆண்டில், விலை உயர்ந்த கவசம் அணிந்து, தெற்கே நடந்த ஒரு போருக்குப் புறப்பட்டார். ஸ்போலேட்டோ நகரம் வரை போனவர், இரவில் ஒரு குரலைக் கேட்டதாக உணர்ந்தார். எஜமானனை விட்டுவிட்டு வேலைக்காரனுக்கு ஏன் ஊழியம் செய்கிறாய் என்று அது கேட்டது. மறுநாளே திரும்பி விட்டார். ஊர் சிரித்தது.

சிநேகிதர்கள் மறுபடியும் அவரை விருந்துக்கு ராஜாவாக்கினார்கள். எல்லோரும் பாடிக்கொண்டு முன்னே போக, அவர் நடுத்தெருவில் சிலைபோல நின்றுவிட்டார். எந்தப் பெண்ணை நினைத்துக் கொண்டிருக்கிறாய் என்று கேலி செய்தார்கள். ஆமாம், நீங்கள் கண்டிராத அழகி ஒருத்தியை மணக்கப் போகிறேன் என்றார். பிறகுதான் தெரிந்தது, அந்த மணப்பெண்ணின் பெயர் வறுமை!

கசப்பு இனித்தது

பிரான்சிசுக்குக் குஷ்ட நோயாளிகளைக் கண்டால் ஆகாது. அவர்கள் இருக்கும் இடத்தைத் தொலைவில் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் குதிரையில் போகும்போது எதிரே ஒரு குஷ்ட நோயாளி வந்தார். குதிரையைத் திருப்பத்தான் மனம் சொன்னது. பிரான்சிஸ் இறங்கினார். அந்த மனிதரின் கையில் காசை வைத்து, அந்தக் கையை முத்தமிட்டார். சில நாட்கள் கழித்து, நோயாளிகள் தங்கியிருந்த இடத்துக்கே போய் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, சாகும் தறுவாயில் அவர் எழுதிவைத்த உயிலில் இதைத்தான் முதலில் குறிப்பிட்டிருக்கிறார். அதுவரை கசப்பாக இருந்தது, அன்று முதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் இனிப்பாக மாறிவிட்டது என்கிறார். தொலைந்த சந்தோஷம் திரும்பி வந்தது விருந்து மண்டபத்தில் அல்ல. அந்த நோயாளிகளின் நடுவில்!

அசிசிக்கு வெளியே சான் டமியானோ என்ற பாழடைந்த கோவில் இருந்தது. அங்கே, மரத்தில் வரைந்த சிலுவைப் படத்தின் முன் முழந்தாளிட்டு ஜெபித்தார். இடிந்து விழும் என் வீட்டைச் செப்பனிடு என்று ஏசுநாதர் தம்மிடம் சொன்னதாக உணர்ந்தார். அந்தச் சிலுவை பத்திரமாக இருக்கிறது. அசிசியில் புனித கிளாரா கோவிலில் வைக்கப்பட்டுள்ளது.

வீடு என்றால் அந்தச் சிறு கோவில்தான் என்று பிரான்சிஸ் நினைத்தார். உடனே கடைக்கு ஓடினார். துணி மூட்டையைக் குதிரைமேல் ஏற்றினார். போலிக்னோ சந்தையில் துணியையும் விற்றார், குதிரையையும் விற்றார்! பணத்தைக் கோவில் பாதிரியாரிடம் நீட்டினார். பாதிரியார் பயந்துபோய் வாங்க மறுத்தார். பிரான்சிஸ் அதை ஜன்னல் மாடத்தில் வீசிவிட்டார்.

தகப்பனும் மகனும்

பியட்ரோ கொதித்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. துணி அவருடையது. குதிரை அவருடையது. மகனோ கந்தல் உடுத்தி, மெலிந்து, தெருவில் வருகிறான். பிள்ளைகள் பைத்தியம் என்று கூவி மண்ணை வாரி வீசுகிறார்கள். எந்தத் தகப்பனுக்குப் பொறுக்கும்?

மகனை இழுத்துப் போய் வீட்டில் கட்டிப் போட்டார். அவர் வெளியூர் போன சமயம், தாய் பிக்கா மகனிடம் கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. கட்டை அவிழ்த்து, தானே மகனை அனுப்பிவிட்டாள். திரும்பி வந்த கணவரின் கோபம் எல்லாம் அவள்மேல் விழுந்தது.

வழக்கு மேற்றிராணியாரிடம் போனது. 1206-ம் ஆண்டில், ஊரார் கூடியிருக்க, மேற்றிராணியார் கைடோ முன்னிலையில் தகப்பனும் மகனும் நின்றார்கள். தகப்பனாரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார் மேற்றிராணியார்.

பணத்தை மட்டும் அல்ல, அவர் கொடுத்த துணியையும் தருகிறேன் என்று சொல்லி, பிரான்சிஸ் உடுத்தியிருந்த எல்லாவற்றையும் கழற்றினார். மடித்துத் தகப்பனார் காலடியில் வைத்தார். அதன்மேல் பணத்தை வைத்தார். இனிமேல் எனக்குத் தந்தை பரலோகத்தில் இருப்பவர் ஒருவரே என்றார்.

கூட்டத்தில் பலர் அழுதுவிட்டார்கள். மேற்றிராணியார் தம்முடைய மேலங்கியால் பிரான்சிசை மூடினார். பியட்ரோ துணியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு தெருவில் மகனைக் காணும்போது எல்லாம் பியட்ரோ சபிப்பார். பிரான்சிஸ் அதற்கு ஒரு வழி செய்தார். ஏழைக் கிழவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவார். தகப்பனார் சபித்ததும், அந்தக் கிழவர்முன் குனிந்து ஆசி வாங்குவார். தகப்பன் மனம் அதைப் பார்த்து என்ன பாடுபட்டிருக்கும்! மகன் மனமும் லேசாக இருந்திருக்காது. சாபம் வலித்ததால்தானே ஆசி தேவைப்பட்டது?

பனியில் பாட்டு

வீட்டை விட்டு வெளியேறிய பிரான்சிஸ், காட்டு வழியே பிரெஞ்சு மொழியில் பாடிக்கொண்டு போனார். மனதில் சந்தோஷம் பொங்கினால் அவருக்குப் பிரெஞ்சுதான் வாயில் வரும். திருடர்கள் மறித்து, யார் என்று கேட்டார்கள். மாபெரும் ராஜாவின் தூதன் என்றார். பிடுங்கிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே அடித்து, பனி நிறைந்த பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர் மேலே ஏறி, பனியை உதறிவிட்டு, பாட்டைத் தொடர்ந்தார்.

பிறகு அசிசிக்கு வந்து, கோவில் கட்டக் கல் பிச்சை எடுத்தார். ஒரு நாள் விளக்கு எண்ணெய்க்காக ஒரு வீட்டுக்குப் போனார். உள்ளே பழைய சிநேகிதர்கள் கூடியிருந்தார்கள். வெட்கம் வந்துவிட்டது, திரும்பி நடந்தார். பாதி வழியில் தம்மையே கடிந்துகொண்டார். மறுபடியும் போய், தாம் வெட்கப்பட்டதை எல்லோர் முன்னும் சொல்லி, எண்ணெய் கேட்டு வாங்கினார். ஆனந்தம் அவருக்கு ஒரே நாளில் கைகூடிவிடவில்லை. ஒவ்வொரு படியாகத்தான் ஏறினார்.

1208-ம் ஆண்டு வாக்கில், போர்சியுங்குலா என்ற சிறு கோவிலில் பூசையின்போது சுவிசேஷ வாசகம் ஒன்றைக் கேட்டார். பொன்னும் வெள்ளியும் பையும் இல்லாமல் போய்ப் போதிக்கும்படி ஏசுநாதர் சீடர்களுக்குச் சொன்ன பகுதி அது. தாம் தேடியது இதுவே என்று துள்ளினார். செருப்பை எறிந்தார். தோல் வாரை எறிந்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்.

பைத்தியம் என்ற ஊரில் இருந்தே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெர்னார்டு என்ற பணக்காரர், சொத்தை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். 1209-ம் ஆண்டில் 11 சகோதரர்களுடன் பிரான்சிஸ் ரோமாபுரிக்குப் போனார். மூன்றாம் இன்னொசென்ட் என்ற போப் ஆண்டவர் வாய்மொழியாக அனுமதி அளித்தார்.

அசிசிக்குப் பக்கத்தில் ரிவோடோர்டோ என்ற இடத்தில் ஒரு குடிசையில் தங்கினார்கள். படுக்க இடம் போதாமல், யார் எங்கே என்று உத்தரத்தில் பெயர் எழுதி வைத்தார்கள்! ஒரு நாள் நடுஇரவில் ஒரு சகோதரர், சாகிறேன் என்று அலறினார். பட்டினி தாங்க முடியவில்லை. பிரான்சிஸ் எழுந்து உணவு எடுத்து வைத்தார். தனியாகச் சாப்பிட அவர் கூச்சப்படுவாரே என்று, தாமும் உட்கார்ந்து சாப்பிட்டார். மற்றவர்களையும் சாப்பிடச் சொன்னார்.

1212-ம் ஆண்டில், அசிசிப் பிரபு குடும்பத்துப் பெண் கிளாரா இதே வழியில் வந்தாள். சான் டமியானோ கோவில், அவளுக்கும் அவளைச் சேர்ந்த சகோதரிகளுக்கும் மடம் ஆயிற்று.

எது ஆனந்தம்?

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவதைப் பிரான்சிஸ் விரும்பமாட்டார். துக்கம் இருந்தால் ஆண்டவனிடம் தனியே சொல்லி அழு; சகோதரர்முன் மலர்ந்த முகத்தோடு வா என்பார். இரண்டு குச்சிகளை எடுத்து, ஒன்றைப் பிடில்போலவும் மற்றதை வில்போலவும் பிடித்து வாசித்துப் பாடுவார். சில சமயம், பாட்டு ஏசுநாதரின் பாடுகளை நினைத்து அழுகையில் முடியும்.

சகோதரர் லியோவிடம் அவர் சொன்ன ஒரு கதையைச் சீடர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். பாரிஸ் நகரத்துப் பண்டிதர்கள் எல்லாம் நம் சபையில் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், அது உண்மை ஆனந்தம் ஆகாது. ராஜாக்கள் வந்து சேர்ந்தாலும் ஆகாது. நோயாளிகளைக் குணமாக்கும் வரம் கிடைத்தாலும் ஆகாது.

பின் எது? குளிர் காலம். இருட்டு. சேறு. அங்கியின் ஓரத்தில் தண்ணீர் உறைந்து, காலில் இடித்து இரத்தம் வருகிறது. அந்தக் கோலத்தில் நம் மடத்துக் கதவைத் தட்டுகிறோம். உள்ளே இருப்பவர், நீ யார், உன் போன்றவன் இங்கே வேண்டியதில்லை, போ என்று துரத்துகிறார். அப்போது மனம் கலங்காமல், கோபம் வராமல் பொறுத்தால், அங்கேதான் உண்மை ஆனந்தம் இருக்கிறது.

கதவைச் சாத்துகிறவன் எதிரி அல்ல, சொந்தச் சகோதரன்! இதை அவர் வெறும் கற்பனையாகச் சொல்லியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. சபையில் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். கடும் வறுமை வேண்டாம், பெரிய வீடும் புத்தகங்களும் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். 1220-ம் ஆண்டில் பிரான்சிஸ் தலைமைப் பதவியை விட்டு விலகினார்.

சுல்தான் முன்னிலையில்

அதற்கு முந்திய ஆண்டு, 1219-ல், அவர் எகிப்துக்குப் போயிருந்தார். சிலுவை யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். டாமியெட்டா நகரத்தைக் கிறிஸ்தவப் படை முற்றுகையிட்டிருந்தது. இரு தரப்பிலும் பிணங்கள் குவிந்தன. பிரான்சிஸ், ஒரே ஒரு சகோதரருடன், ஆயுதம் இல்லாமல் எதிர்ப் படையின் பாசறைக்கு நடந்தார். காவலர்கள் பிடித்து அடித்தார்கள்.

சுல்தான் அல்-காமில், புகழ்பெற்ற சலாதீனின் தம்பி மகன். பிரான்சிசை அன்புடன் வரவேற்றார். அவர் சொன்னதைப் பொறுமையுடன் கேட்டார். சுல்தான் மதம் மாறவில்லை, யுத்தமும் நிற்கவில்லை. ஆனாலும் பிரான்சிசைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைத்தார். கத்திகள் பேசிய களத்தில் இரண்டு மனிதர்கள் மரியாதையுடன் பேசிக்கொண்டார்கள்.

எகிப்தில் இருந்து வந்தபோது, பிரான்சிசைக் கண் நோய் பிடித்திருந்தது.

1223-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்குக் கிரெச்சியோ என்ற கிராமத்தில், ஒரு நண்பரிடம் சொல்லி, குகையில் வைக்கோலும் மாடும் கழுதையும் தயார் செய்ய வைத்தார். ஏழையாகப் பிறந்த குழந்தையைக் கண்ணாலே காண வேண்டும் என்ற ஆசை. கிராமத்து மக்கள் தீப்பந்தங்களோடு வந்தார்கள். காடே வெளிச்சமாயிற்று. பிரான்சிஸ் சுவிசேஷத்தைப் பாடினார். குழந்தையின் பெயரைச் சொல்லும்போது, தேன் பட்டதுபோல உதட்டை நக்கிக்கொள்வாராம்!

இருட்டில் பிறந்த பாட்டு

1224-ம் ஆண்டில் லா வெர்னா மலையில் உபவாசம் இருந்தபோது, ஏசுநாதரின் ஐந்து காயங்கள் அவருடைய கையிலும் காலிலும் விலாவிலும் தோன்றின என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். அவர் அவற்றைத் துணியால் மறைத்தே வைத்திருந்தார்.

கண் நோய் முற்றியது. வைத்தியர்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காது ஓரத்தில் இருந்து புருவம் வரை சுட்டார்கள். கூட இருந்த சகோதரர்கள் பார்க்கச் சகிக்காமல் ஓடிவிட்டார்கள். பிரான்சிஸ், நெருப்பைச் சகோதரன் என்று அழைத்து, எப்போதும் உன்னை நேசித்தேனே, இப்போது என்னிடம் கொஞ்சம் மென்மையாக நடந்துகொள் என்று வேண்டிக்கொண்டார். சூட்டினால் பலன் ஒன்றும் இல்லை.

1225-ம் ஆண்டில் சான் டமியானோவில் ஒரு குடிசையில் படுத்திருந்தார். பகலில் வெளிச்சத்தைக் கண் தாங்காது. இரவில் விளக்கையும் தாங்காது. எலிகள் உடம்பின்மேல் ஓடின. தூக்கம் இல்லை. தம்மைப் பற்றித் தமக்கே இரக்கம் வந்தது என்று ஒப்புக்கொண்டார். ஓர் இரவு, அந்த வேதனையின் நடுவே, இறைவன் கைவிடவில்லை என்ற உறுதி அவருக்குக் கிடைத்தது.

காலையில் எழுந்து உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினார். சூரியனை அண்ணன் என்றும், சந்திரனைச் சகோதரி என்றும் அழைத்து, படைத்தவனைப் புகழும் பாட்டு. சூரியனைப் பார்க்க முடியாதவர் சூரியனுக்குப் பாட்டுக் கட்டினார்! பண்டிதர்களின் லத்தீனில் அல்ல, ஊர் மக்கள் பேசும் மொழியில். இத்தாலிய மொழியின் ஆதிக் கவிதைகளில் ஒன்றாக இதை அறிஞர்கள் மதிக்கிறார்கள்.

அப்போது அசிசியில் மேற்றிராணியாரும் நகரத் தலைவரும் பகைத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிக்கிறவர்களைப் புகழ்ந்து ஓர் அடியைப் பிரான்சிஸ் அந்தப் பாட்டில் சேர்த்தார். இரண்டு சகோதரர்களை அனுப்பி, இருவர் முன்னிலையிலும் பாடச் செய்தார். நகரத் தலைவர் கண்ணீர் விட்டு, முதலில் மன்னிப்புக் கேட்டார். மேற்றிராணியார் அவரை எழுப்பிக் கட்டி அணைத்துக்கொண்டார்.

கடைசி நாட்கள்

1226-ம் ஆண்டு, இனிப் பிழைக்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிரான்சிஸ் மரணத்தையும் சகோதரி என்று அழைத்து, பாட்டில் இன்னும் ஓர் அடி சேர்த்தார். இரவும் பகலும் அதைப் பாடச் சொன்னார். சாகப் போகிறவர் பாடினால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று சகோதரர் எலியாஸ் கவலைப்பட்டார். பிரான்சிஸ் நிறுத்தவில்லை.

ஒரே ஒரு தவறை ஒப்புக்கொண்டார். தம் உடம்பைக் கழுதை அண்ணன் என்று அழைப்பது அவர் வழக்கம். பட்டினியாலும் விழிப்பாலும் அந்தக் கழுதையை அளவுக்குமேல் வதைத்துவிட்டதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

போர்சியுங்குலாவுக்குத் தூக்கிப் போனார்கள். ரோமாபுரியில் இருந்த ஜாக்கோபா என்ற சீமாட்டிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். முன்பு அவள் செய்து கொடுத்த பாதாம் பருப்புப் பலகாரம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்! கடிதம் போவதற்கு முன்பே, அதையும் எடுத்துக்கொண்டு அவள் வந்துவிட்டாள். அவரால் கொஞ்சம் ருசி பார்க்கத்தான் முடிந்தது.

1226-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி மாலை, அவர் விருப்பப்படி வெறும் தரையில் கிடத்தினார்கள். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது சுமார் 44. வானம்பாடிகள் வெளிச்சத்தை விரும்பும் பறவைகள். அன்று இருட்டிய பிறகும் அவை கூட்டமாகக் குடிசையைச் சுற்றிப் பறந்தன என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஊரே கூடி, மரக்கிளைகளையும் மெழுகுவர்த்திகளையும் ஏந்தி, பாடிக்கொண்டு உடலை எடுத்துச் சென்றது. வழியில் சான் டமியானோவில் நிறுத்தினார்கள். மடத்து ஜன்னலின் கம்பித் தடுப்பை அகற்றி, கிளாராவும் சகோதரிகளும் கடைசியாகப் பார்க்கும்படி உடலைத் தூக்கிப் பிடித்தார்கள்.

பிறகு நகரத்துக்குள் கொண்டு போய், சிறு வயதில் எழுத்துப் படித்த அதே புனித ஜார்ஜ் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.